சிங்கப்பூர் 'நெருப்புக் கம்பெனி'யில் தாத்தா பார்த்த வேலை

ரெங்கம் பேரன் | திங்கள், இரவு 9.40

வணக்கம். நேற்று மலேசியாவில், ஜொகூர் ரெங்கத்தில் அத்தை வீட்டில் தாத்தாவுக்குத் திதி. சாப்பிட்டு இலை எடுத்த பிறகு பேச்சு வழக்கம்போல் தாத்தாவின் ஒரு பழக்கத்தில் வந்து நின்றது. அதைப் பற்றிக் கேட்கத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

தாத்தா சோற்றுப் பானையை நேராக நின்று திறந்து யாரும் பார்த்ததில்லை. பானைக்குப் பக்கவாட்டில் நிற்பார். இடது கையில் பழந்துணியைச் சுற்றிக்கொள்வார். அடுப்பிலிருந்து எரிகிற சுள்ளி ஒன்றை எடுத்து மூடியின் விளிம்பருகே பிடிப்பார். முகத்தைத் திருப்பிக்கொண்டு மூடியைச் சற்றே தளர்த்திவிட்டு ஒரு மூச்சு நேரம் காத்திருப்பார். பிறகுதான் முழுவதும் எடுப்பார். பாட்டிக்கு இது ஆகவே ஆகாது. "அன்னத்துக்குப் போய்க் கொள்ளி வைக்கிறீர்களே, இந்த வீடு விளங்குமா?" என்று பலமுறை அழுதிருக்கிறாராம். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், சிலர் அவர் திருஷ்டி கழிப்பதாகச் சொன்னார்கள். தாத்தா யாருக்கும் பதில் சொன்னதில்லை.

தாத்தா பிறந்தது தோட்டத்து லயத்தில். ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருடங்களுக்கு முன் ரயிலேறி சிங்கப்பூர் போய், காலாங் ஆற்றோரம் 'நெருப்புக் கம்பெனி'யில் வேலை பார்த்தார். சண்டைக்குப் பிறகு ரெங்கத்துக்கே திரும்பி, ரப்பர் ஷீட்டுகளை உலர்த்தும் புகைக்கொட்டகையில் தீ போடுபவராக இருந்தார். காலாங்கில் செய்தது என்ன வேலை என்று கேட்டால், "கரி போட்டேன், கரி எடுத்தேன்" என்பாராம். அவ்வளவுதான். கரியைப் போட்டுவிட்டு எதற்காகத் திரும்பக் கரியை எடுக்க வேண்டும்? விவரம் தெரிந்த பெரியவர்கள் சொன்னால் குடும்பமே நன்றியோடு இருக்கும்.


பாய்லர்காரன் | திங்கள், இரவு 11.05

தம்பி, நான் குளுவாங் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் முப்பது வருடம் பாய்லர் பார்த்தவன். உங்கள் பதிவைப் படித்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து எழுதுகிறேன். உங்கள் தாத்தா செய்தது திருஷ்டி கழிப்பு இல்லை. அது தொழில் பழக்கம். உயிரைக் காத்த பழக்கம்.

காலாங்கில் இருந்தது நிலக்கரியிலிருந்து எரிவாயு எடுக்கும் ஆலை. நிலக்கரியை வெறுமனே எரித்தால் சாம்பலும் புகையும்தான் மிஞ்சும். காற்றே புகாத மூடிய குழாய்க்குள் அதை அடைத்து, வெளியிலிருந்து ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினால் கரி எரிவதில்லை, வேகிறது. வேகும்போது வாயு பிரிந்து மேலே போகும். அந்தக் குழாயைத்தான் ரிட்டார்ட் என்பார்கள், தமிழில் வாலை என்று சொல்லலாம். தீக்களிமண்ணால் செய்தது. இரு பக்கமும் வாய் உள்ள பெரிய வகை சுமார் 20 அடி நீளம் இருக்கும். இப்படிப் பல குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அடியில் உலை வைத்துவிடுவார்கள்.

வாயுவெல்லாம் பிரிந்து போன பிறகு உள்ளே மிஞ்சுவது கல்கரி. செக்கச்செவேலென்று கனன்றுகொண்டு இருக்கும். அதை நீண்ட இரும்புக் கொக்கியால் வாரி வெளியே இழுத்து, தண்ணீர் விட்டு அணைத்து, அந்தச் சூடு தணியும் முன்பே புதுக் கரியை உள்ளே தள்ள வேண்டும். "கரி போட்டேன், கரி எடுத்தேன்" என்று தாத்தா சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தவறில்லை. போட்டது நிலக்கரி, எடுத்தது கல்கரி. ஒரு டன் நிலக்கரிக்குச் சுமார் 10,000 கன அடி வாயு கிடைக்கும், மூன்றில் இரண்டு பங்கு எடை கல்கரியாக மிஞ்சும்.

இனி மூடி விஷயம். வாலையின் வாயில் இரும்பு மூடி. சுண்ணாம்புச் சாந்து பூசி இடுக்கை அடைத்திருப்பார்கள். உள்ளே கொஞ்சம் வாயு மிச்சம் இருக்கும்போதே மூடியைச் சட்டென்று திறந்தால் வெளிக்காற்று உள்ளே பாய்ந்து வாயுவோடு கலந்து வெடித்துவிடும். அதனால் மூடியை ஒரு நூல் அளவு தளர்த்துவார்கள். தளர்த்தும்போதே எரிகிற துணியையோ தீப்பந்தத்தையோ விளிம்பில் காட்டுவார்கள். கசியும் வாயு குப்பென்று பற்றி எரிந்து தீரும். அதன் பிறகுதான் முழுவதும் திறப்பார்கள். திறப்பவர் நேர் எதிரில் நிற்கமாட்டார். பக்கவாட்டில் நிற்பார், முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

சோற்றுப் பானைக்கு முன்னால் அவர் நின்ற நிலை அப்படியே அதுதான், தம்பி. நான் ஓய்வு பெற்று ஏழு வருடம் ஆகிறது. இன்றைக்கும் குளியலறைக் குழாயைத் திறக்குமுன் என் கண் சுவரில் அழுத்தமானியைத் தேடுகிறது. என் மனைவியிடம் கேட்டால் சொல்வார்.


ரெங்கம் பேரன் | செவ்வாய், காலை 6.15

ஐயா, படித்துவிட்டு இரவெல்லாம் தூக்கமில்லை. அத்தைக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அம்மாவுக்கு இது தெரியாமலே போய்விட்டதே" என்றார்.


சிராங்கூன் மருமகள் | செவ்வாய், காலை 8.30

நான் பிறந்தது ரெங்கம், வாழ்க்கைப்பட்டது சிங்கப்பூர். காலாங் ஆலை பற்றிச் சில விவரங்கள். 1862இல் சிங்கப்பூர் கேஸ் கம்பெனி அதைத் தொடங்கியது. 1864 மே மாதம் தெருவிளக்குகள் முதன்முதலாகக் கேஸில் எரிந்தன. அதற்கு முன்பு தெருவில் தேங்காய் எண்ணெய் விளக்குகள். 1901இல் நகராட்சி ஆலையை வாங்கிக்கொண்டது. 1906இல் மின்விளக்கு வந்த பிறகும் கேஸ் விளக்குகள் பல பத்தாண்டுகள் தெருக்களில் இருந்தன. சமையலுக்கும் அந்த வாயுதான் குழாயில் வந்தது.

அங்கிருந்த சீனர்கள் அந்த இடத்தை 'ஹுவோ செங்' என்பார்கள். நெருப்பு நகரம் என்று பொருள். உங்கள் தாத்தா சொன்ன 'நெருப்புக் கம்பெனி'க்கும் இதற்கும் எவ்வளவு நெருக்கம் பாருங்கள். 1998 மார்ச்சில் ஆலையை மூடினார்கள். உற்பத்தி செனோக்கோவுக்குப் போனது. பழைய ஆலையின் வால்வுகளையும் குழாய்களையும் வைத்துச் செய்த சிற்பம் ஒன்று காலாங் ஆற்றங்கரைப் பூங்காவில் நிற்கிறது. நான் நடைப்பயிற்சிக்குப் போகும் வழி. நாளைக்குப் போகும்போது அதன் முன் உங்கள் தாத்தாவை நினைத்துக்கொள்வேன்.


ஈஸ்ட் ஹாம் வாசி | செவ்வாய், மாலை 5.50

ஊர்க்காரர்களுக்கு வணக்கம். நான் ரெங்கம் தமிழ்ப்பள்ளி மாணவன். லண்டன் வந்து இருபது வருடங்கள் ஆகின்றன. இருப்பது ஈஸ்ட் ஹாமில். இந்த இழை எனக்காகவே தொடங்கியதுபோல் இருக்கிறது. என் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் பெக்டன் ஆலை இருந்தது. உலகத்திலேயே மிகப் பெரிய எரிவாயு ஆலை என்று பேர்பெற்றது.

1870இல் கேஸ் லைட் அண்ட் கோக் கம்பெனி அதைத் தொடங்கியது. கம்பெனித் தலைவர் சைமன் ஆடம்ஸ் பெக் என்பவரின் பெயரில் ஊருக்கே பெக்டன் என்று பெயர் வந்துவிட்டது. தேம்ஸ் ஆற்றில் தனித் துறைமேடை கட்டி, வட இங்கிலாந்திலிருந்து நிலக்கரிக் கப்பல்களை நேரே அங்கே கொண்டுவந்தார்கள். வடகடலில் இயற்கை எரிவாயு கிடைத்த பிறகுதான் இந்த வகை ஆலைகளின் காலம் முடிந்தது. இப்போது அந்த மண்ணின்மேல் கடைத்தொகுதி. நம் ஆட்கள் சனிக்கிழமைகளில் சாமான் வாங்கும் இடம்தான். கழிவைக் கொட்டிக் கொட்டி உயர்ந்த மேடு ஒன்று இன்னும் நிற்கிறது. அதை இங்கே 'பெக்டன் ஆல்ப்ஸ்' என்கிறார்கள். மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு வரும்போது அந்த மேட்டைப் பார்த்துக்கொண்டே வருவேன். யார் வாரிக் கொட்டியது என்று யோசித்ததே இல்லை.

அந்த ஆலையில் தீ போட்டவர்களில் ஒருவர் வில் தோர்ன். பர்மிங்ஹாமில் 1857இல் பிறந்தவர். ஆறு வயதில் கயிறு திரிக்கும் இடத்தில் சக்கரம் சுற்றப் போனார். படிப்பு இல்லை. பெக்டனில் அப்போது ஷிப்ட் 12 மணி நேரம். பகல் ஆட்களும் இரவு ஆட்களும் முறை மாறும் ஞாயிற்றுக்கிழமையில் ஒரே மூச்சாக 18 மணி நேரம் உலை முன் நிற்க வேண்டும். பாய்லர்காரர் ஐயா சொன்ன அந்தச் சூட்டில் 18 மணி நேரம்! 1889 மார்ச் 31ஆம் தேதி கேனிங் டவுனில் கூட்டம் போட்டு வில் தோர்ன் சங்கம் தொடங்கினார். அன்றைக்கே 800 பேர் சேர்ந்தார்கள். இரண்டு வாரத்தில் 3,000. கேட்டது எட்டு மணி நேர வேலை. அந்தக் கோடையிலேயே லண்டன் கம்பெனிகள் வேலைநிறுத்தம் இல்லாமலே அதைக் கொடுத்துவிட்டன. இரண்டு ஷிப்ட் மூன்றானது. அதனால் மேலும் பல குடும்பங்களுக்கு வேலையும் கிடைத்தது.

அவருக்குச் சரியாக எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவர் காரல் மார்க்ஸின் மகள் எலினோர் மார்க்ஸ். 1906இல் அதே கரிக்கைதான் வெஸ்ட் ஹாம் தெற்குத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் போனது. 1945 வரை அங்கே இருந்தார்.


பழைய கிராணி மகன் | செவ்வாய், இரவு 10.20

நல்ல தகவல்கள். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். லண்டனில் 1889இல் சுலபமாகக் கிடைத்ததுபோல் எழுதுகிறீர்கள். அதற்கு முன் நடந்ததை விட்டுவிட்டீர்கள்.

1872 டிசம்பரில் லண்டன் எரிவாயுத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். தெருவிளக்குகள் மங்கின. உடனே தலைவர்களாக இருந்த சிலரைச் சதிக் குற்றத்தில் பிடித்து 12 மாதச் சிறை விதித்தார்கள். நாடு முழுவதும் எழுந்த எதிர்ப்பால்தான் அது நான்கு மாதமாகக் குறைந்தது. 1875இல் சட்டத்தைத் திருத்தினார்கள். மற்றத் தொழிலாளிகள் ஒப்பந்தத்தை மீறினால் அது உரிமை வழக்கு மட்டும், குற்றமில்லை என்றார்கள். ஆனால் எரிவாயு, குடிநீர்த் தொழிலாளிகளை மட்டும் பிரித்து வைத்தார்கள். ஊருக்கு வெளிச்சமோ தண்ணீரோ இல்லாமல் போகும் என்று தெரிந்தே வேலையை விட்டுப் போனால் 20 பவுண்டு அபராதம் அல்லது மூன்று மாதச் சிறை. அந்தப் பிரிவை அச்சடித்து ஒவ்வொரு கேஸ் ஆலையிலும் ஒட்டிவைக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொன்னது. தினமும் உலைக்குப் போகிறவன் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

நம் நாட்டிலும் 1967ஆம் ஆண்டு தொழிலுறவுச் சட்டத்தில் அத்தியாவசியச் சேவைகள் என்று ஒரு பட்டியல் உண்டு. மின்சாரம், குடிநீர், எரிபொருள் எல்லாம் அதில் வரும். முன்னறிவிப்பு இல்லாமல் அங்கே வேலைநிறுத்தம் செய்ய முடியாது. ஊர் யாரை நம்பி இருக்கிறதோ அவனைத்தான் சட்டம் முதலில் கட்டும்.

அதனால்தான் கேஸ் தொழிலாளியையும் தோட்டத் தொழிலாளியையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அவன் கையை எடுத்தால் நகரம் இருட்டு. நம் ஆட்கள் பால் வெட்டும் உளியைக் கீழே வைத்தால் ரப்பர்ப் பால் மரத்திலேயே இருக்கும். துரை பங்களாவில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும்.


லயத்துப் பெண் | புதன், காலை 7.10

கிராணி மகன் அண்ணா, மன்னிக்க வேண்டும். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1941ஐ மறந்துவிட்டீர்களா? கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர்கள் உளியைக் கீழே வைத்தபோது லண்டன் வரை ஆடியது. போர்க்காலம். டயருக்கு ரப்பர் வேண்டும். அந்த நேரத்தில் சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடுங்கள் என்று கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடு என்றார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கச் சொல்லாதே என்றார்கள். போராட்டத்தை நடத்திய ஆர்.எச். நாதனைப் பிடித்து மே மாதம் நாடு கடத்தினார்கள். பட்டாளத்தை இறக்கினார்கள். ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பால் மரத்திலேயே இருக்கும் என்றால் பட்டாளம் எதற்கு வந்தது?

என் அம்மா முப்பத்தைந்து வருடம் பால் வெட்டினார். விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது பெயர் கூப்பிடும் வரிசைக்கு, நிற்க வேண்டும். தன் நிரை மரங்களை முடித்துப் பாலை எடுத்துக்கொண்டு வந்து நிறுத்தால், ரப்பர்ச் சத்து குறைகிறது, தண்ணீர் கலந்திருக்கிறது என்பார்கள். ஒருநாள் காண்டா வாளியை, தோளில் காவும் பால் வாளியை, தூக்கிக்கொண்டு திரும்பி வந்து வாசலில் வைத்தவர், வலது தோளைத் தொட விடவில்லை. தோல் உரிந்திருந்தது. அந்தத் தோட்டத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. சைக்கிளை விட்டு இறங்கச் சொல்வது சின்ன விஷயம்போல் தெரியலாம். அந்தத் தோளோடு இறங்கி நிற்பவருக்குத் தெரியும் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று.

இன்னொன்று. கேஸ் சங்கம் என்றதும் எல்லோரும் ஆண்களைப் பற்றியே எழுதுகிறீர்கள். பெக்டனுக்குப் பக்கத்திலேயே சில்வர்டவுன். அங்கே பெரிய ரப்பர் தொழிற்சாலை. அதன் பெயரைக் கவனியுங்கள்: இந்தியா ரப்பர், கட்டா பெர்ச்சா அண்ட் டெலிகிராப் ஒர்க்ஸ். அந்தக் 'கட்டா' மலாய்க் 'கெத்தா'. ரப்பரை நாம் 'கித்தா' என்கிறோமே, அதே சொல். மலாயாக் காட்டு மரத்தின் பாலை இறுக்கிக் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறை போட்டார்கள். 1889 செப்டம்பரில் அந்தத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சுமார் 3,000 பேர். அவர்கள் சேர்ந்தது எந்தச் சங்கம் தெரியுமா? வில் தோர்னின் கேஸ் தொழிலாளர் சங்கம். எலினோர் மார்க்ஸ் அங்கே பெண்களுக்கென்று சங்கத்தின் முதல் கிளையைத் தொடங்கினார். மூன்று மாதம் தாக்குப்பிடித்துத் தோற்றார்கள்.

கரிக்காரர்களும் கித்தாக்காரர்களும் ஒரே சங்கத்தில் இருந்திருக்கிறார்கள், அண்ணா. ஒரே தட்டில் வைத்தது நான் இல்லை.


பழைய கிராணி மகன் | புதன், மதியம் 1.15

தங்கச்சி, உங்கள் அம்மாவின் தோள் பற்றிப் படித்தபோது மனம் கனத்துவிட்டது. என் அப்பா கிராணி, தோட்டத்துக் கணக்கர். நிறுக்கும் தராசுக்குப் பின்னால் நின்றவர். இதற்கு மேல் நான் என்ன சொல்வது. கிள்ளான் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. போர்க்காலத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. சில்வர்டவுன் எனக்குப் புதுச் செய்தி.

ஆனால் 1889இன் மறுபக்கமும் பதிவாக வேண்டும். தேம்ஸின் தென்கரையில் சௌத் மெட்ரோபாலிடன் கேஸ் கம்பெனி. அதன் தலைவர் ஜார்ஜ் லிவ்சி கெட்டிக்காரர். லாபத்தில் பங்கு தருகிறேன் என்றார். கூடவே, 12 மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். கையெழுத்துப் போட்டவன் நடுவில் வேலையை நிறுத்த முடியாது. சங்கம் டிசம்பரில் வேலைநிறுத்தம் அறிவித்தது. வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து ஆலைக்குள்ளேயே தங்கவைத்து, போலீஸ் காவலோடு உலையை எரியவிட்டார் லிவ்சி. 1890 பிப்ரவரியில் சங்கம் தோற்றது. பிற்காலத்தில் அதே கம்பெனி தொழிலாளிகளை இயக்குநர் குழுவிலும் உட்காரவைத்தது. அதனால் லிவ்சியை நல்லவர் என்று எழுதுபவர்களும் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. கையில் காசைக் கொடுத்து வாயைக் கட்டுவது எனக்குப் பழகிய காட்சி. சம்பள நாளில் அதைப் பார்த்துத்தான் வளர்ந்தேன்.


பாய்லர்காரன் | புதன், இரவு 9.00

சண்டை போடுகிறீர்களோ என்று பயந்துபோய் உள்ளே வந்தேன். சண்டை இல்லை, நல்ல பேச்சு. நான் சங்கப் பேச்சுக்குள் போகவில்லை. மிச்சமிருக்கும் தொழில் விஷயத்தை முடித்துவிடுகிறேன்.

வாலையிலிருந்து வரும் வாயு மஞ்சளும் கறுப்புமாகப் புகைந்துகொண்டு வரும். அதை அப்படியே வீட்டுக்கு அனுப்ப முடியாது. முதலில் குளிரவைப்பார்கள், தார் கீழே இறங்கிவிடும். அடுத்துத் தண்ணீரில் கழுவுவார்கள், அமோனியா தண்ணீரோடு போய்விடும். பிறகு சுண்ணாம்பு அல்லது இரும்புத்துரு அடுக்கிய பெட்டிகள் வழியாக விடுவார்கள், அழுகிய முட்டை நாற்றம் பிடித்த கந்தக வாயு நீங்கும். அதற்கப்புறம்தான் பெரிய தொட்டி. தண்ணீரில் கவிழ்த்த குவளைபோல இருக்கும். வாயு நிறைய நிறைய மேலே எழும், ஊர் சமைக்கச் சமைக்கக் கீழே இறங்கும். எத்தனை சுத்தம் செய்தாலும் அந்த வாயுவில் கார்பன் மோனாக்சைடு இருந்துகொண்டே இருக்கும். மூடிய அறையில் கசிந்தால் ஆளைக் கொல்லும்.

கழிவு என்று எதையும் விடவில்லை. கல்கரி அடுப்புக்கும் உலைக்கும் போனது. தாரைக் காய்ச்சி எடுத்த எண்ணெயை ரயில் தண்டவாளக் கட்டைகளுக்குப் பூசினார்கள். தாரைச் சடக்குக்கு, அதாவது சாலைக்கு, ஊற்றினார்கள். அமோனியாத் தண்ணீரில் கந்தக அமிலம் சேர்த்தால் அமோனியம் சல்பேட். வெள்ளை உப்பு உரம். அந்த உரத்தைத் தோட்டங்களில் கையால் அள்ளிப் போட்டவர்கள் இந்த இழையில் பலர் இருப்பீர்கள்.


ரெங்கம் பேரன் | புதன், இரவு 9.35

அமோனியா என்றதும் கை நடுங்குகிறது, ஐயா. பாட்டியும் பால் வெட்டியவர். பால் கட்டியாகாமல் இருக்க வாளியில் இரண்டு சொட்டு அமோனியா விடுவார்கள் இல்லையா? தாத்தா சிங்கப்பூரிலிருந்து லீவில் வரும்போது கொண்டுவரும் துணிமூட்டையை அவிழ்த்தால் பால் கொட்டகை வாசம் அடிக்கும் என்று பாட்டி சொல்வாராம். நகரத்துக்குப் போனவருடைய சட்டையில் தோட்டத்து வாசம் எப்படி வந்தது என்று எங்களுக்கு விளங்கியதே இல்லை.


பாய்லர்காரன் | புதன், இரவு 9.41

விளங்கிவிட்டதா, தம்பி. கழுவும் கோபுரத்துப் பக்கம் நடந்தால் போதும், துணியில் ஏறிவிடும்.


நாஞ்சில் வேர் | வியாழன், காலை 11.20

எங்கள் பூட்டன் கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து வந்தவர். ஒரு சின்னச் சேர்க்கை. தோட்டத்துக் கல்யாணத்தில் 'கேஸ் லைட்' என்று ஒன்று தூக்கிக்கொண்டு வருவார்களே, அதில் கேஸ் இல்லை, மண்ணெண்ணெய்தான். ஆனால் அதன் பெயரும் அதற்குள் தொங்கும் வலையும் கேஸ் தெருவிளக்கிலிருந்து வந்தவை. வெறும் கேஸ் சுடர் மஞ்சளாக மங்கலாக எரியும். ஆஸ்திரியாவின் ஆவர் வான் வெல்ஸ்பாக் தோரியம் உப்பில் நனைத்த வலையைச் சுடரின்மேல் வைத்து வெள்ளை வெளிச்சம் எடுத்தார். முதல்முறை ஏற்றும்போது துணி எரிந்து சாம்பல் கூடு மட்டும் நிற்கும். விரல் பட்டால் உதிர்ந்துவிடும். அதனால் சிறுவர்களை அருகே விடமாட்டார்கள்.

அந்தத் தோரியத்துக்கு வேண்டிய மோனசைட் மணல் எங்கே கிடைத்தது? எங்கள் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில். 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் கண்டுபிடித்தார். கேஸ் விளக்கு வலைக்காகவே அங்கே மணல் அள்ளத் தொடங்கினார்கள்.


ஈஸ்ட் ஹாம் வாசி | வியாழன், மாலை 6.30

லயத்துப் பெண் அக்காவின் பதிவைப் படித்துவிட்டு இன்று மதியம் ரயிலில் சில்வர்டவுன் பக்கம் போய்வந்தேன். இப்போது அங்கே புதுப் புது மாடிக் கட்டடங்கள். ஆற்றோரம் கொஞ்ச நேரம் நின்றேன். வடக்கிலிருந்து கரிக் கப்பலும் நம் பக்கத்திலிருந்து கித்தா ஏற்றிய கப்பலும் ஒரே ஆற்றில்தான் வந்திருக்கின்றன. மகள் ஆறாம் வகுப்பில் ஊர் வரலாறு எழுத வேண்டும் என்றாள். என்ன எழுதச் சொல்வது என்று இனி யோசிக்க வேண்டியதில்லை. பானைக் கதையையும் எழுதலாமா என்று கேட்கிறாள். தாத்தாவின் பெயரைப் போடாமல் எழுதட்டுமா, பேரன் அண்ணா?


ரெங்கம் பேரன் | சனி, இரவு 8.10

தாராளமாக எழுதட்டும். எழுதி முடித்ததும் எங்களுக்கும் அனுப்பச் சொல்லுங்கள், அத்தைக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

இன்று ரெங்கம் போயிருந்தேன். எல்லாப் பதிவுகளையும் அத்தைக்கு முதலிலிருந்து வாசித்தேன். கிள்ளான் வந்ததும், தாத்தா சைக்கிளில் ஏறியதே கிடையாது, எங்கும் நடந்துதான் போவார் என்றார். காரணம் கேட்டேன். தலையை ஆட்டிவிட்டு மேலே வாசிக்கச் சொன்னார்.

தாத்தா இருந்தபோதே லயத்துக்குக் கேஸ் தோம்பு (சிலிண்டர்) வந்துவிட்டது. முதல் நாள் அடுப்பைப் பூட்டிய கடைப் பையன் திருகைத் திறந்துவிட்டுத் தீக்குச்சியைத் தேடினானாம். தாத்தா அவன் கையைப் பிடித்துத் திருகை மூடவைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, வாசம் போகும்வரை எல்லோரையும் வெளியே நிற்கவைத்தார். பிறகு உள்ளே வந்து, "முதலில் நெருப்பு, அப்புறம் கேஸ்" என்று சொல்லி, குச்சியை உரசி அடுப்பருகே பிடித்த பிறகே திருகைத் திறந்தார். நெருப்புக் கம்பெனியைப் பற்றி வீட்டில் அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான் என்கிறார் அத்தை.

பேசி முடித்து அத்தை தேநீர் போட எழுந்தார். இப்போதிருக்கும் அடுப்பு திருகினால் தானே பற்றிக்கொள்ளும் வகை. அத்தை ஜன்னலைத் திறந்தார். மேடையிலிருந்த தீப்பெட்டியை எடுத்துக் குச்சியை உரசினார். உடம்பைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு, அதன் பிறகு திருகைத் திறந்தார்.